கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற வண்டிய நம்ம வண்டி முன்கூட்டியே சொல்லுமா? சொன்னா நம்பலாமா?

கோத்தகிரி பிக்கப்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோத்தகிரில காய் லோடு ஓட்டறேன், கேரட் பீட்ரூட் முட்டைக்கோஸ்னு சாயங்காலம் ஏத்திட்டு ராத்திரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, விடியறதுக்குள்ள காலி வண்டியோட ஏறி வந்துருவேன். பதினாலு வருஷமா இதே ரோடுதான், எந்த வளைவுல தண்ணி ஒழுகும் எங்க ரோடு சாஞ்சிருக்கும்னு எல்லாம் மனப்பாடம், ஆனா மிஸ்ட் இறங்கிருச்சுன்னா அந்த மனப்பாடம் எதுக்கும் ஒதவாது, எதிர்ல என்ன வருதுன்னு தெரியணும்.

போன ஐப்பசியில ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை இருக்கும், நல்ல மழை. எங்க டிரைவர்ங்க வாட்ஸ்அப் குரூப்புல "ரோடு கிளியர், இறங்கலாம்"னு வந்துச்சு, அத நம்பி இறங்கிட்டேன். பாதி தூரத்துல ஒரு வளைவு திரும்பினா நடு ரோட்ல சில்வர் ஓக் மரம் விழுந்து கெடக்கு, அதுக்கு முன்னாடி ஒரு லாரி லைட்ட அணைச்சுட்டு நிக்குது. ரெண்டாம் கியர்ல இறங்கினதால வண்டி நின்னுச்சு, லாரிக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற எடம்தான் இருந்துச்சு. அப்புறமா குரூப்ப மேல தள்ளித் தள்ளிப் பாத்தா அந்த கிளியர் மெசேஜ் ஒருத்தர் ஒம்பது மணிக்குப் போட்டது, அப்ப நெசமாவே கிளியர்தான், அத இன்னொருத்தர் பதினொரு மணிக்கு வேற குரூப்புல இருந்து ஃபார்வர்டு பண்ணியிருக்காரு. யாரும் பொய் சொல்லல. ஆனா நான் போயிருப்பேன்.

இப்ப என் மச்சான் புது கார் எடுத்திருக்கான், கனெக்டட் காரு, உள்ளயே சிம் இருக்கு, வண்டியும் வண்டியும் பேசிக்கும்னு ஷோரூம்ல சொன்னாங்களாம். அதே மாடல் வச்சிருக்கற அவன் பிரெண்ட எதிர்ல இருந்து ஏறி வரச் சொல்லி மூணு வளைவுல பாத்தோம், ரெண்டு காரும் ஒரு வார்த்தை பேசல. அப்ப இந்த கனெக்டட்னா என்னங்க, வண்டிக்கு வண்டி பேசற டெக்னாலஜி நெசமா இருக்குதா இல்லயா, இருந்தா இந்த மலையில மிஸ்ட்லயும் மழையிலயும் அது வேலை செய்யுமா, அது சொல்றது ஒம்பது மணி கிளியரா பதினொரு மணி கிளியரான்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க, எங்க குரூப்புல நாப்பது பேர் இருக்கோம், எல்லாருக்கும் காட்டணும்.

பீளமேடு ஆன்டெனா

அண்ணா, படிச்சதும் பக்குன்னு ஆயிருச்சு. நான் கோயம்புத்தூர்ல வண்டி எலக்ட்ரானிக்ஸ்லதான் வேலை செய்யறேன், தெரிஞ்சத சொல்றேன்.

உங்க மச்சான் காரு பேசுது, ஆனா கம்பெனி சர்வரோட பேசுது. சிம் வழியா டவருக்குப் போயி அங்க இருந்து சர்வருக்குப் போயி திரும்பி வரணும், உங்க காட் ரோட்ல பாதி எடத்துல டவரே எடுக்காது. வண்டிக்கு வண்டி பேசறதுன்னு நாங்க சொல்றது வேற, அதுக்கு டவரே வேண்டாம். வண்டியில ஒரு சின்ன ரேடியோ இருக்கும், 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அது செகண்டுக்கு பத்து தடவை "நான் இங்க இருக்கேன், இவ்வளவு வேகம், இந்தப் பக்கமா போறேன், பிரேக் மிதிச்சிருக்கேன்"னு சுத்தி இருக்கற எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டே இருக்கும். அமெரிக்காவுல 1999லயே இதுக்குன்னு 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கினாங்க, அப்புறம் 2020ல அதுல 45அ வைஃபைக்கு எடுத்துக்கிட்டு 30 மட்டும் விட்டாங்க. வைஃபை குடும்பத்துல 802.11pனு ஒண்ணு, செல்போன் குடும்பத்துல சி-வி2எக்ஸ்னு ஒண்ணு, ரெண்டு ஜாதி ரேடியோ, ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது, இந்தச் சண்டையிலயே நெறைய வருஷம் போயிருச்சு. ஜப்பான்ல டொயோட்டா 2015லயே ஒரு சில மாடல்ல கொண்டு வந்துட்டாங்க, ஐரோப்பாவுல எட்டாவது தலைமுறை கோல்ஃப் கார்ல கம்பெனியிலயே வருது. நம்ம ஊர் ரோட்ல ஓடற சாதாரண கார்ல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

மிஸ்ட் பத்தி கேட்டீங்க. மிஸ்ட் இந்த ரேடியோவுக்கு ஒண்ணுமே இல்ல, அலையோட நீளம் அஞ்சு சென்டிமீட்டர், பனித்துளி அதுக்கு முன்னாடி தூசி மாதிரி, நேரா தாண்டிப் போயிரும். கண்ணு தெரியாத எடத்துல வேலை செய்யறதுதான் இதோட பெரிய பலமே. அமெரிக்காவுல வயோமிங்ல பனிப்புயல் அடிக்கிற ஐ-80 ரோட்ல லாரிங்களுக்கு இத வச்சு சோதிச்சதும் அதுக்குத்தான். ஆனா மலைதான் பிரச்சனை. சமவெளியில 300 மீட்டர் சாதாரணமா எடுக்கற ரேடியோ, நடுவுல மண்ணும் பாறையும் வந்தா சுத்தமா செத்துரும். உங்க கொண்டை ஊசி வளைவுல ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கறது மலையோட மூக்கு.

இதுல ஒரு கணக்கு சொல்றேன், எங்க ஆபீஸ்லயே நெறைய பேர் இதுல சறுக்குவாங்க. நூறு மெசேஜ் அனுப்பினா எழுபது சேருதுன்னு வைங்க, முப்பது போச்சு. கேக்கறவங்க "பரவால்ல, செகண்டுக்கு பத்து வருதே, பத்தும் போறதுக்கு பத்து லட்சத்துல ஆறு தடவைதான் சான்ஸ்"னு சொல்லுவாங்க. ஒவ்வொரு மெசேஜும் தனித்தனியா தொலைஞ்சாதான் அந்தக் கணக்கு சரி. மலையில அப்படி தொலையாது, மூக்குக்குப் பின்னாடி இருக்கற வரைக்கும் வரிசையா எல்லாமே போயிரும், மூக்கு தாண்டினதும் எல்லாமே வந்துரும். நேர் ரோட்ல நூத்துக்கு நூறு சேந்து வளைவுல சைபர் ஆனாலும் சராசரி எடுத்தா எழுபதுன்னுதான் காட்டும். அதனால எவ்வளவு சேந்துச்சுன்னு கேக்கக் கூடாது, கடைசியா சேந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேக்கணும். உங்க குரூப்புல ஒம்பது மணி மெசேஜ் பதினொரு மணிக்கு வந்த கதை இதேதான், இங்க ரெண்டு மணி நேரத்துக்கு பதிலா ரெண்டு செகண்டு. ரெண்டு வண்டியும் முப்பதுல வந்தா செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நெருங்குது, நாப்பது மீட்டர்ல மூக்கு தாண்டி சிக்னல் கெடச்சா மோதறதுக்கு ரெண்டரை செகண்டு கூட இல்ல, ஆள் சுதாரிக்கறதுக்கே ஒன்றரை போயிரும்.

மஞ்சூர் 43

ஆன்டெனா தம்பி நல்லா சொன்னீங்க. நான் மஞ்சூர்ல இருந்து கெத்தை, முள்ளி வழியா இறங்கற ரோட்ல பஸ் ஓட்டினவன், 43 கொண்டை ஊசி, அதனாலதான் இந்தப் பேரு. ரிட்டயர் ஆயிட்டேன்.

எங்க காலத்துல ஹார்ன்தான் ரேடியோ. வளைவுக்கு முன்னாடி ஒரு நீட்டு ஹார்ன் அடிச்சுட்டு கண்ணாடிய எறக்கி காது குடுத்து கேப்போம், கீழ இருந்து ஒருத்தன் திருப்பி அடிச்சான்னா அங்கயே ஒதுங்கி நிப்போம், ஏறி வர்றவனுக்குத்தான் வழி, அதுதான் சட்டமும். பதில் வரலன்னா மெதுவா திரும்புவோம். கவனிங்க, பதில் வரலன்னா வேகமா போக மாட்டோம். அவன் ஹார்ன் ரிப்பேரா இருக்கலாம், பாட்டு போட்டுட்டு வரலாம், சைக்கிள்ல வரலாம். நீங்க சொல்ற ரேடியோவுல பதில் சொல்ற பழக்கம் இருக்கா? எல்லாரும் பொதுவா கத்திட்டே இருப்பாங்கன்னு சொல்றீங்க, நான் கத்தினது அவனுக்குக் கேட்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. ராத்திரி ஹார்ன் கேட்டா அது இதே ரோட்லயா, இல்ல மேல ஒரு மடிப்பு தள்ளி இருக்கற ரோட்லயான்னு புது டிரைவருக்குத் தெரியவே தெரியாது, எங்களுக்கே பல வருஷம் ஆச்சு. சத்தம் மேல இருந்து கீழ எறங்கி எதிர்ல வர்ற மாதிரியே கேக்கும். ரேடியோவுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?

யானைய மறந்துறாதீங்க. கெத்தை பக்கம் பஸ்ஸ மறிச்சு நின்னா அரை மணி ஒரு மணின்னு நிக்கும். அதுகிட்ட ரேடியோ கெடையாது.

கேத்தி ஈசிஇ

மஞ்சூர் அண்ணா கேட்ட ரெண்டாவது கேள்விதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட தலைகீழா மாத்திச்சு, அதனால நான் சொல்றேன். நாங்க நாலு பொண்ணுங்க சேந்து பண்ணினோம். ஆளுக்கொரு ஸ்கூட்டர்ல ஜிபிஎஸ் போட்டு, பக்கத்து வண்டி நம்ம பாதையில எதிர்ல வருதான்னு கண்டுபிடிச்சு பஸ்ஸர் அடிக்கணும், அவ்வளவுதான். காலேஜ் கிரவுண்டுல பிரமாதமா வேலை செஞ்சுச்சு. குன்னூர் காட் ரோட்ல கொண்டு போனா பஸ்ஸர் நிக்கவே இல்ல. பாத்தா, மேல் மடிப்புல போற வண்டிக்கும் கீழ் மடிப்புல போற வண்டிக்கும் மேப்புல நடுவுல இருபது மீட்டர்தான், எதிர்எதிர் திசையில வேற போகுது, நேருக்கு நேர் மோதப் போறாங்கன்னுதான் கணக்கு வரும். நெசத்துல ஒருத்தர் இன்னொருத்தர் தலைக்கு மேல பன்னெண்டு பதினஞ்சு மீட்டர் ஒசரத்துல இருக்காங்க. மூணு தடவை பொய்யா அடிச்சதும் நாலாவது தடவை நாங்களே கண்டுக்கல, அதுதான் பயமா இருந்துச்சு.

மெசேஜ்ல ஒசரமும் போகுது, ஆனா ஜிபிஎஸ்ல ஒசரம் எப்பவுமே ரொம்ப மோசம், படுக்கையா அஞ்சு மீட்டர் தப்புன்னா நெட்டுக்க அத விட ஒன்றரை ரெண்டு மடங்கு தப்பும், மலை ஒரு பக்கம் வானத்த மறைச்சா இன்னும் கூட. கடைசியில எங்களுக்குக் கை குடுத்தது காத்தழுத்தம் அளக்கற ஒரு சின்ன சென்சார், விலை ரொம்ப கம்மி. நம்ம ஒசரத்துல பத்து மீட்டருக்கு காத்தழுத்தம் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தோட அளவு) மாறும், அந்த சென்சார் அதுல பத்துல ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டிரும். அதுல வர்ற ஒசரம் மொத்தமா தப்பா இருக்கலாம், மழை வந்தா அழுத்தமே மாறும், ஆனா பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு வண்டிக்கும் ஒரே வானிலைதானே, கழிச்சுப் பாத்தா வித்தியாசம் மட்டும் சரியா நிக்கும். ரெண்டு வண்டியையும் ஒரே எடத்துல நிறுத்தி மொதல்ல சரி பாத்துக்கணும், ஏன்னா ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு சொந்த கோணல் இருக்கு. அப்புறம் பொய் அலாரம் ரொம்பவே கொறஞ்சுது.

மொதல் கேள்வி, பதில் சொல்ற பழக்கம். இல்லண்ணா. அது பொது அறிவிப்பு, கேட்டவங்க யாரும் கேட்டேன்னு சொல்ல மாட்டாங்க. நூறு வண்டி இருக்கற எடத்துல எல்லாரும் எல்லாருக்கும் பதில் சொன்னா அந்தப் பதிலாலயே காத்து நெரம்பிரும். கூட்டம் அதிகமானா தானாவே அனுப்பற வேகத்தையும் சக்தியையும் கொறைச்சுக்கிற மாதிரி வேற வச்சிருக்காங்க. ஆனா காட் ரோட்ல ராத்திரி நாலு வண்டிதானே, இங்க பதில் சொல்ல வச்சா என்னன்னு எனக்கும் தோணும்.

கோத்தகிரி பிக்கப்

தங்கச்சி, மேல் மடிப்பு கீழ் மடிப்பு விஷயம் நூத்துக்கு நூறு. ராத்திரி மேல் ரோட்டு லைட்டு மிஸ்ட்ல பட்டு எதிர்ல வர்ற மாதிரியே தெரியும், நானே பிரேக் அடிச்சிருக்கேன்.

சரிங்க, எனக்கு இன்னொண்ணு சொல்லுங்க. நாளைக்கு எல்லா வண்டியிலயும் இந்த ரேடியோ வந்துருச்சுன்னே வைங்க, எவனாச்சும் அவசரத்துல போறவன் "முன்னாடி ஆக்சிடென்ட்"னு பொய்யா அனுப்பி ரோட்ட காலி பண்ணிக்கிட்டா? அப்புறம் என் பழைய கேள்வி, கிளியர் ஆனது மறுபடி மூடினது இதெல்லாம் அதுல எப்படி?

பீளமேடு ஆன்டெனா

பழைய கேள்விய மொதல்ல எடுத்துக்கறேன், அதுக்கு நல்ல பதில் இருக்கு. ஐரோப்பாக்காரங்க ரெண்டு வகை மெசேஜ் வச்சிருக்காங்க. ஒண்ணு நான் மொதல்ல சொன்ன "நான் இங்க இருக்கேன்". இன்னொண்ணு சம்பவ மெசேஜ், மரம் விழுந்துருச்சு, வண்டி பஞ்சர் ஆகி நிக்குது, ரோட்ல விலங்கு நிக்குது, இந்த மாதிரி. அதுல எங்க, எப்ப பாத்தது, எவ்வளவு நேரத்துக்கு செல்லும், எந்த ஏரியாவுல இருக்கறவங்களுக்கு வேணும்னு எல்லாமே உள்ளயே இருக்கும். நேரம் தாண்டினா வண்டியே அத தூக்கிப் போட்டுரும், ஃபார்வர்டு ஆகி ஆகி வந்தாலும் பாத்த நேரம் மாறாது. போட்டவரே திரும்ப ரத்து பண்ணலாம், அவர் போயிட்டார்னா அந்த எடத்த தாண்டிப் போற வேற வண்டி "இப்ப இங்க ஒண்ணும் இல்ல"னு மறுத்து அனுப்பலாம். மஞ்சூர் அண்ணா யானைக்கும் இதுதான் வழி, மொதல் வண்டிக்காரர் பாத்து சொன்னாதான் உண்டு, யானை நகந்துட்டே இருக்கும்ங்கறதால செல்லுபடி நேரத்த சின்னதா வச்சு அடிக்கடி புதுப்பிக்கணும்.

பொய் மெசேஜ் பத்தி. ஒவ்வொரு மெசேஜ்லயும் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், அங்கீகாரம் வாங்காத பெட்டியில இருந்து வந்தா மத்த வண்டிங்க கேக்காது, வழியில யாராச்சும் ஒரு எழுத்து மாத்தினாலும் தெரிஞ்சுரும். அந்தக் கையெழுத்து யாருதுன்னு காட்டற அடையாளச் சீட்டுதான் சர்டிபிகேட், ஒரே சர்டிபிகேட்ட எப்பவும் போட்டா யார் எங்க போறாங்கன்னு பின்தொடரலாம்னு அத அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்குவாங்க. அமெரிக்க டிசைன்ல ஒரு வண்டிக்கு வாரத்துக்கு இருபது, அதையே மாத்தி மாத்திப் போட்டுக்கும். ஆனா அண்ணா, கையெழுத்து இருந்தா ஆள் உண்மைன்னுதான் அர்த்தம், சேதி உண்மைன்னு அர்த்தம் இல்ல. ஒழுங்கான வண்டியில ஜிபிஎஸ் கோளாறா இருந்தா தப்பான எடத்த ஒழுங்கா கையெழுத்து போட்டு அனுப்பும். அதனால வாங்கற வண்டியும் யோசிக்கணும், ஒரு செகண்டுல அம்பது மீட்டர் தாவினான்னு வந்தா நம்பக் கூடாது, ஆக்சிடென்ட்னு சொல்ற எடத்த மத்த நாலு வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்துல தாண்டிப் போயிட்டு இருந்தா அது பொய். அடிக்கடி அப்படி அனுப்பறவன் சர்டிபிகேட்ட ரத்து பண்ணவும் ஏற்பாடு இருக்கு, ஆனா அந்த ரத்துப் பட்டியல் மத்த வண்டிங்களுக்கு வந்து சேர டவர் வேணும், நம்ம மலையில அது லேட்டாத்தான் வரும்.

மஞ்சூர் 43

தம்பி, எல்லாம் சரி. எனக்கு மனசு ஒப்பாத எடம் ஒண்ணு இருக்கு. எல்லா வண்டியிலயும் வந்துட்டான்னு பிக்கப் சொல்றாரு, அது வரவே வராது அல்லது எங்க பேரன் காலத்துல வரும். அது வரைக்கும் பத்து வண்டியில ஒண்ணுலதான் இருக்கும். ரெண்டு பேர் சந்திக்கும்போது ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான பேசும், அப்ப நூறு சந்திப்புல ஒண்ணு. மீதி தொண்ணூத்தொம்பதுல பெட்டி கம்முனு இருக்கும். ரெண்டு வாட்டி பெட்டி கரெக்டா சொல்லிருச்சுன்னா ஆளு அத நம்ப ஆரம்பிச்சுருவான், கம்முனு இருந்தா ரோடு காலின்னு நெனச்சு ஹார்ன் அடிக்காம திரும்புவான். என்கிட்ட பழகின பசங்க எத்தனை பேர் இப்பவே மேப்ப பாத்துட்டு ரோட்ட பாக்காம ஓட்டறாங்கன்னு எனக்குத் தெரியும். பெட்டி கம்முனு இருக்கறதும் பெட்டி செத்து இருக்கறதும் டிரைவருக்கு வேற வேறயா தெரியணும், அது இல்லாம என் ரோட்ல வேண்டாம்.

கேத்தி ஈசிஇ

அண்ணா சொல்றது அப்படியே சரி, எங்க வைவாவுல இத யாருமே கேக்கல, கேட்டிருக்கணும்.

அதனாலதான் பெட்டிய வண்டியில வைக்கறதுக்கு முன்னாடி வளைவுல வைக்கணும்னு எனக்குத் தோணுது. 2017ல ஜம்மு ஸ்ரீநகர் ரோட்ல ஹெச்பி லூப்ரிகன்ட்ஸ்ங்கற ஆயில் கம்பெனி ஒண்ணு பண்ணினாங்க, கொண்டை ஊசி வளைவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம், அதுல ரேடார், வண்டி வந்தா இந்தக் கம்பம் அந்தக் கம்பத்துக்கு சொல்லும், அது அந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஹார்ன் அடிக்கும். வண்டியில எதுவுமே வேண்டாம், பழைய ஜீப்பா இருந்தாலும் சரி. யானை குறுக்க வந்தாக் கூட ரேடார்ல ஏதோ ஒண்ணா தெரியும். மலை மூக்கு பிரச்சனையும் தீருது, ஏன்னா கம்பம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கற எடத்துல நம்மளே நடலாம்.

கம்பமும் கம்பமும் பேசறதுக்கு லோரா போதும், கம்மி கரண்ட்ல சின்ன மெசேஜ தூரமா அனுப்பற ரேடியோ அது, 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் லைசென்ஸ் வேண்டாம், அலை 35 சென்டிமீட்டர், மூலைய சுத்தி வளையறதுல 5.9அ விட ரொம்ப மேல். வேகம் கம்மிதான், சின்ன மெசேஜ் ஒண்ணுக்கு வேகமான செட்டிங்ல ஒரு செகண்டுல பதினஞ்சுல ஒரு பங்கு ஆகும், தூரமா போற செட்டிங்ல ஒரு செகண்டுக்கு மேலயே ஆகும். பிரேக் மிதிச்சத சொல்ல ஆகாது, வண்டி வருதுன்னு சொல்ல தாராளமா ஆகும். மஞ்சூர் அண்ணா கேட்ட கம்முனு செத்த வித்தியாசத்துக்கு, ரெண்டு கம்பமும் ஒரு செகண்டுக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு சொல்லிக்கட்டும், பதில் வர்ற வரைக்கும் பச்சை சின்னதா எரியட்டும், மூணு தடவை பதில் வரலன்னா பச்சை அணைஞ்சுரணும். வெளக்கு எரியலன்னா பெட்டி இல்லன்னு நெனச்சு ஹார்ன் அடிச்சு திரும்பட்டும். ரெண்டே கம்பம்தானே, இங்க பதில் சொன்னா காத்து நெரம்பாது.

கோத்தகிரி பிக்கப்

தங்கச்சி, எங்க குரூப்புல இதப் படிச்சுக் காட்டினேன். மரம் விழுந்த அதே வளைவுக்கு மேல எஸ்டேட்காரர் ஒருத்தர் எனக்குப் பழக்கம், வேலிக்கு உள்ள கம்பம் வச்சு ஒரு மாசம் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாரு, ரோட்ல நடறதுக்குத்தான் நெடுஞ்சாலைத்துறை அனுமதி வேணும், அது எழுதிப் போடறோம். செலவ நாப்பது பேரும் போட்டுக்கறோம், நீங்க நாலு பேரும் வந்து மாட்டிக் குடுத்தா போதும், போக வர வண்டி நான் எடுத்துட்டு வர்றேன். குரூப்புலயும் ஒண்ணு மாத்திட்டோம், ரோடு மெசேஜ் போடறவங்க பாத்த நேரமும் வளைவு நம்பரும் போடணும், ஃபார்வர்டு போட்டா அட்மின் அழிச்சுருவாரு.

மஞ்சூர் 43

கம்பத்த வளைவோட உள்பக்கம் நட்டுறாதீங்கம்மா, மழையில மண்ணு சரியறது அங்கதான், லாரிக்காரன் பின்சக்கரம் ஏறறதும் அங்கதான். வெளிப்பக்கம் தடுப்புச் சுவருக்குப் பின்னாடி, சுவர விட ரெண்டு அடி ஒசரமா வைங்க, அங்க இருந்தா மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ரெண்டுமே கண்ணுக்குத் தெரியும். குரங்கு ஒயர பிச்சுரும், பைப்புக்குள்ள விட்டு எடுங்க. ஞாயித்துக்கெழமைன்னா நானும் வர்றேன்.